பனிக்குளத்தில் இருக்கிறோம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு டாலிபர்ன் பள்ளத்தாக்கில் நாற்பது வீட்டுத் தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. டூகல் உள்காற்சட்டையோடு ஓடிவந்து எடுத்தான். சமையலறைத் தரை அன்று இருந்த இருப்பில் வெறுங்காலை வைத்தால் பாதித் தோல் தரையிலேயே தங்கிவிடும். அவன் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை. "ம்" என்றான். "எவ்வளவு?" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கல்யாணத்தன்று பாதிரியார் கேள்வி கேட்டபோதுகூட அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை என்று, அடுப்பில் விறகு திணித்துக்கொண்டிருந்த நைரி நினைத்துக்கொண்டாள்.

"பதினேழு சென்டிமீட்டர்," என்றான் டூகல். "கில்ஃபெடர் பெரியவர் துளை போட்டுப் பாத்துட்டாராம். மேல்குளம் முழுக்கப் பதினேழு. நைரி, பனி பிடிச்சிருச்சு."

"பிடிக்கட்டும். இன்னிக்கு என்ன தேதின்னு பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகக் காத்திருந்தவன் தேதி பார்ப்பானா. மேல்குளம் கல் தாங்கும் அளவுக்கு உறைந்து ஒன்பது குளிர்காலம் ஆயிற்று. இருபது கிலோ எடையுள்ள கைப்பிடி வைத்த கல்லைப் பனியில் வழுக்கி விடுவதும், அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடி வழி தேய்த்துக் கொடுப்பதும், அது வட்டத்தின் நடுவில் போய் நிற்கிறதா என்று ஊரே மூச்சை அடக்கிப் பார்ப்பதும்தான் கர்லிங். பனி பிடித்த நாளில் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எதுவும் நடக்காது. பிணம் விழுந்தால்கூட ஒரு நாள் வைத்திருப்பார்கள், எப்படியும் கெட்டுப்போகாது என்ற தைரியத்தில்.

இன்றைக்கு ஜூலை மூன்றாவது செவ்வாய்; பூமியின் தென்கோடியில் அதுதான் நடுக்குளிர்காலம். மழலைப் பள்ளியைப் பார்வையிட நகரத்து அலுவலகத்திலிருந்து அதிகாரி வரும் நாள்.

தேதியைக் குறித்தது ஊர்க்காரர்களேதான். அதிகாரி மூன்று மாதங்களைக் கொடுத்து, உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். ஆடு குட்டி போடும் காலம் வேண்டாம் என்றார்கள். கம்பளி வெட்டும் வாரம் வேண்டாம் என்றார்கள். ஆடு மேய்க்கும் நாய்களின் போட்டி நடக்கும் சனிக்கிழமையைக்கூட, அது பள்ளி நாளே இல்லை என்றாலும், ஜாக்கிரதையாக அடித்துவிட்டார்கள். ஒரு வேலையும் இல்லாத நாளாகப் பார்த்து இந்தச் செவ்வாயைப் பிடித்தார்கள். பனியைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

பள்ளி என்பது ரயில் நின்றுபோன நிலையத்தின் சரக்குக் கொட்டகை. ஏழு குடும்பம், பதினோரு பிள்ளை. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பெற்றவர்களே முறை போட்டு நடத்தவேண்டும் என்பதுதான் அதன் சட்டம். மே மாதம் அதிகாரி வந்த நாளில் பெரும்பனி வருமென்று ரேடியோ சொல்லிவிட, ஊரே ஆட்டைக் கீழிறக்க மலைக்குப் போயிருந்தது. கொட்டகையில் நைரியும் இன்னொரு தாயும் மட்டும். 'குடும்பங்களின் பங்கேற்பு போதாது' என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் அதையே எழுதினால் அனுமதி போய்விடும். அடுத்த மழலைப் பள்ளி ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, குளிர்காலத்தில் கண்ணாடி போல வழுக்கும் சாலையில். நைரிக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த முதல் நான்கு வருஷம் அவளுக்குப் பேச்சுத்துணை ஐந்து நாய்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குள் நுழைந்த பிறகுதான் மனுஷக் குரலில் பதில் கிடைத்தது.

"கமிட்டில கை தூக்கினது யாரு? நீதான்," என்றாள்.

"ஜூலை மூணாவது செவ்வாக்கிழமை ஒரு வேலையும் இருக்காதுன்னு சொன்னேன். இது வேலையா?"

"ஒம்பது மணிக்கு நீ மாவு மேசைல இருக்கணும். பிள்ளைங்களோட சேந்து பிசையணும். உன் பேரு எழுதியிருக்கு."

"நான் போகலன்னா எங்க அணில மூணு பேரு. மூணு பேரா ஆட முடியாது நைரி."

"நீங்க யாரும் வரலன்னா பள்ளிக்கூடத்துல நான் ஒருத்தி. ஒருத்தியா நடத்த முடியாது டூகல்."

அவன் கால்சட்டையைத் தேடினான். அது கையில்தான் இருந்தது. "பனிக்கு நம்ம தேதி தெரியாதே. நாளைக்கு வெயிலடிச்சா போச்சு. இனி எப்பப் பிடிக்கும்? எனக்கு அம்பது வயசாயிரும்."

"பனியைக் கூட்டறதுக்கு மட்டும் இடுப்பு வளையும். இந்த வீட்டுல துடைப்பம் எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்."

டூகல் உண்மையாகவே யோசித்தான். "கதவுக்குப் பின்னாடி."

"அது மண்வெட்டி."

மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிரையனி, நான்கு வயது, கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக் கேட்டாள். "அம்மா, எங்க கல்லும் பிடிச்சிருக்குமா?"

பிள்ளைகள் நேற்று மதியம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கல் வார்த்திருந்தார்கள். கேக் தட்டு, ஐஸ்கிரீம் டப்பா, நாயின் சோற்றுக் கிண்ணம், கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் கட்டும் கயிற்றை வளையமாக உள்ளே விட்டு வேலியோரம் வரிசையாக வைத்துவிட்டு வந்தார்கள். ராத்திரி அடித்த குளிருக்கு அவை உறைந்து கல்லாகி, கயிறு கைப்பிடியாகியிருக்கும். பிரையனியின் கல் மட்டும் பீட்ரூட் தண்ணீரில் வார்த்த சிவப்புக் கல்.

நைரி அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தொலைபேசியை எடுத்தாள்.

"டமாட்டி, எங்க இருக்க?"

டமாட்டி கம்பளி வெட்டும் கூட்டத்தின் தலைவன். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பன். "நைரி, தங்கச்சி, திட்டாத. பூட்ஸ் போட்டுட்டேன். ஒரு கால் வண்டியில இருக்கு."

"கழட்டச் சொல்லல. பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டு வா. இன்னிக்கு சூப்புக்கு உன் பங்கு என்ன?"

"ஆட்டெலும்பு."

"அதையும் கொண்டா. பள்ளிக்கூடம் இன்னிக்குக் குளத்துல."

"அந்த அதிகாரி அம்மா வருவாங்களே?"

"அவங்களுக்குக் கால் இருக்கு. நடந்து வரட்டும்."

டூகல் ஒரு காலைக் கால்சட்டைக்குள் விட்டபடியே நின்றுவிட்டான். "அனுமதி போயிரும் நைரி."

"போன தடவை சட்டப்படி உள்ளேயே உக்காந்திருந்தோம். அப்பவும் போதாதுன்னுதான் எழுதினாங்க. குடும்பம் எங்க இருக்கோ அங்க பள்ளிக்கூடம் வரட்டும். மத்த காலையும் விடு, வண்டியை எடு."

எட்டரை மணிக்குக் கொட்டகைக் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். 'பனிக்குளத்தில் இருக்கிறோம்.' அடியில் ஒரு அம்புக்குறி. மரியாதைக்கு ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டாள்.

மேல்குளத்தில் வேலிக்கம்பி ஒவ்வொன்றும் உறைபனி பூத்து ஆட்டுவால் தடிமனுக்கு இருந்தது. பத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கிராமபோன் பெட்டி போன்ற மரப்பெட்டிகளில் பாட்டன் காலத்துக் கற்கள் வந்து இறங்கின. இருமினால் இருமல் தரையில் விழுந்து உருண்டது என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. கரையோரம் கணுக்கால் ஆழத்துத் தண்ணீர் அடிவரைக்கும் உறைந்து பாறையாகிக் கிடந்த ஒதுக்குப்புறத்தை நைரி பிடித்துக்கொண்டாள். பாதி பீப்பாயில் தீ மூட்டி, மேலே கம்பளிக் கொட்டகையின் பெரிய பானையை ஏற்றினாள். ஏழு குடும்பமும் கொண்டுவந்ததைப் போட்டது: டமாட்டியின் எலும்பு, பார்லி, கேரட், ஒரு மூட்டை டர்னிப், வெங்காயம், யாரோ கொண்டுவந்த ஒரே ஒரு உருளைக்கிழங்கு. அதை யார் கொண்டுவந்தது என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தகர மூடியில் சீஸ் சுருள்கள், அதாவது சீஸ் தடவிச் சுருட்டிய ரொட்டிகள், வெண்ணெய் கசிய வாட்டப்பட்டன. பிள்ளைகள் பதினோரு பேரும் தங்கள் கற்களை இழுத்துவந்து, பீட்ரூட் தண்ணீரால் வட்டம் வரைந்து, குப்புற விழுந்து எழுந்து ஆடத் தொடங்கினார்கள். துடைப்பம் பிடிக்க ஆளுக்கொரு மாமா, சித்தப்பா, வேலை தேடி வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்ட யாரோ.

அதிகாரி திருமதி பிரிஸ்கோ ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். சின்னக் கார், கடைசி வளைவில் அது பக்கவாட்டாகவே வந்தது. நகரத்துச் செருப்போடு இறங்கியவருக்கு யாரோ ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். இடது கால் ஏழாம் நம்பர், வலது கால் பதினொன்று.

"மிஸஸ் நைரி," என்றார், கோப்பினை மார்போடு அணைத்துக்கொண்டு. "நான் பள்ளியைப் பாக்க வந்தேன்."

"பாருங்க மேடம். பதினோரு பிள்ளை, ஏழு குடும்பம். அப்பா, அம்மா, பெரியப்பா, எல்லாம் இருக்காங்க. இன்னிக்கு எங்க குளிர்காலப் பாடம் பனி."

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பள்ளி இல்லையே."

"ஏன்?"

"பள்ளி நடக்கிற இடத்தைச் சுத்தி வேலி இருக்கணும். பிள்ளைங்க திறக்க முடியாத தாழ்ப்பாள் வெச்ச கதவு இருக்கணும். பக்கத்துல தண்ணி வேற. வேலி இல்லாத இடத்தை நான் பள்ளின்னு எழுத முடியாது. இன்னிக்குப் பள்ளி மூடியிருந்ததுன்னுதான் எழுதணும்." அவர் குரலில் குத்தல் இல்லை, வருத்தமே இருந்தது. அதுதான் நைரிக்கு இன்னும் எரிச்சல்.

"வேலி இருந்தா?"

"இருந்தா பள்ளிதான். ஆனா இல்லையே."

"எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

திருமதி பிரிஸ்கோ அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை வரைக்கும் சூப் குடிச்சிட்டு இருக்கேன்."

நைரி அகப்பையையும் பானை மூடியையும் எடுத்துக்கொண்டு குளத்தின் நடுவுக்கே போனாள். வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த ஆட்டம். பதினாறு கற்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூடியை அடித்த அடியில் மலையிலிருந்த பருந்து கிளம்பியது.

"எல்லாரும் கல்லைக் கீழ வைங்க."

ஒருவரும் வைக்கவில்லை. பனிக்கு அதிகாரியான கில்ஃபெடர் துளைபோடும் திருகுக்கம்பியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பத்தொரு வயது, மூக்கு நுனியில் ஒரு சொட்டு காலையிலிருந்து உறைந்து நின்றது. "ஆட்டத்தை நடுவுல நிறுத்தினது கிடையாதும்மா. எங்கப்பா காலத்துல சண்டை அறிவிச்சாங்க. அப்பக்கூட அந்தச் சுத்தை ஆடி முடிச்சிட்டுத்தான் பட்டாளத்துக்குப் போனாங்க."

"சரி, ஆடுங்க. உங்க பேரன் ஆகஸ்ட்லேருந்து தினமும் அம்பத்தெட்டு கிலோமீட்டர் போகட்டும். காலைல ஆறரைக்குக் கிளப்பி விடணும். நீங்கதான் ஓட்டப்போறீங்களாம், உங்க மருமக சொன்னா."

"எப்ப சொன்னா?"

"இப்பப் போய்ச் சொல்லச் சொல்றேன்."

கில்ஃபெடர் திருகுக்கம்பியைக் கீழே வைத்தார். அதை வைத்த சத்தம் குளத்தின் மறுகரைக்குக் கேட்டது. பிறகு மற்றவர்கள் கற்களை வைத்தார்கள், குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல.

"வேலி வேணும். முப்பத்தஞ்சு நிமிஷம்," என்றாள் நைரி. "வருஷம் பூரா வேலி போட்டே முதுகு வளைஞ்ச ஆளுங்கதானே நீங்க. ஆட்டுக்குப் போடறதைப் பிள்ளைக்குப் போட மாட்டீங்களா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆறு வண்டிகள் கிளம்பின. ஆட்டுப்பட்டி வலைகள் சுருள் சுருளாக வந்தன. கம்பு ஊன்றத்தான் முடியவில்லை. தரை இரும்பாகக் கிடந்தது, கடப்பாரை பட்டுத் தெறித்தது. டமாட்டி மூன்றாவது கம்பை முறித்துவிட்டு, பிள்ளைகள் காதில் விழக்கூடாத ஒன்றைச் சொன்னான். அப்போது கில்ஃபெடர் திருகுக்கம்பியைக் கொண்டுவந்து பனியிலேயே அரைச் சாண் ஆழத்துக்குத் துளை போட்டார். கம்பை இறக்கி, கெட்டிலிலிருந்து சுற்றிலும் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். "இருபது எண்ணு," என்றார். டமாட்டி எண்ணினான். ஆட்டிப் பார்த்தான். சிமென்ட்டில் நட்டது போல நின்றது.

பிறகு கேட்கவா வேண்டும். ஒருவர் துளை, ஒருவர் கம்பு, பின்னாலேயே பெண்கள் கெட்டிலோடு. கடைசியில் கதவுக்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது டூகல் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து நின்றான். பள்ளிக்கூடத்துக் கதவையே கீலோடு பெயர்த்துக் கொண்டுவந்திருந்தான். தாழ்ப்பாளில் அலுவலகம் போன வருஷம் ஒட்டிய பச்சைச் சீட்டு அப்படியே இருந்தது.

"மணி பத்து இருபத்தொம்பது," என்றான் மூச்சு வாங்க.

திருமதி பிரிஸ்கோ ஒவ்வொரு கம்பையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை, அவர்தான் அசைந்தார், பதினோராம் நம்பர் பூட்ஸ் வழுக்கி. டமாட்டி தோளைப் பிடித்து நிறுத்தினான். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தார். "இது என்னோட சீட்டு," என்றார் மெதுவாக.

"உங்க கதவுதான் மேடம்," என்றாள் நைரி. "உள்ள வாங்க, தாழ்ப்பாள் போடணும். சட்டம்."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதிகாரி வேலிக்குள் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் சீஸ் சுருளும் ஒரு கையில் கோப்புமாக எல்லாவற்றையும் பார்த்தார். மதியம் ஒரு மணிக்கு டூகல் அணிக்கும் டமாட்டி அணிக்கும் கடைசிச் சுற்று. கடைசிக் கல் டூகல் கையில். வட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டால் வெற்றிக்கோப்பை அவனுக்கு.

"அப்பா," என்றது ஒரு குரல் வேலியிலிருந்து. "ஒண்ணுக்கு."

டூகல் குனிந்த நிலையிலேயே நைரியைத் தேடினான். நைரி பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு ஆராய்ச்சியாக எந்தச் சூப்பையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அப்பா, வந்துரும்."

அவன் கல்லை வைத்துவிட்டு ஓடினான். தாழ்ப்பாளைத் திறந்தான், மறக்காமல் மூடினான், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மகளைத் தூக்கிக்கொண்டு போனான். பிரையனி போட்டிருந்தது ஏழு உடுப்பு. ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அவன் முனகியது எல்லோருக்கும் கேட்டது. "இது என்ன பட்டன்? யார் தெச்சது இதை?" மறுபடி ஏழையும் மாட்டி முடிக்கப் பதினைந்து நிமிஷம். ஒன்றைப் பின்பக்கம் முன்னாலாகப் போட்டுவிட்டான்.

"போதும், நேரமாச்சு, கல்லை இழந்தாச்சுன்னு சொல்லிரலாமா?" என்று டமாட்டி அணியில் ஒருவன் கேட்டான்.

"வாய மூடுடா," என்றான் டமாட்டி. "எங்க வீட்டுல ரெண்டு இருக்கு."

டூகல் வந்து கல்லை விட்டான். துடைப்பங்கள் பறந்தன. அதற்குள் வெயில் பனியின் மேல் தோலை லேசாக இளக்கியிருந்தது. கல் அழகாகப் போய், ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

"ஒம்பது வருஷம்," என்றான் டூகல் வேலியில் சாய்ந்து.

"இன்னும் ஒம்பது வருஷத்துல அவளே போயிக்குவா," என்று நைரி அவனுக்கு ஒரு கோப்பை சூப் ஊற்றினாள். எலும்பு உள்ள கோப்பையாகப் பார்த்து.

திருமதி பிரிஸ்கோ கோப்பினைத் திறந்து எழுத ஆரம்பித்தார். 'இன்று பங்கேற்ற குடும்பத்தினர்' என்ற கட்டம் வந்தது. எண்ணிச் சொல்ல கில்ஃபெடர் முன்வந்தார். பட்டிக் கதவில் ஆட்டை எண்ணுவது போல மூன்று மூன்றாகக் கண்ணாலேயே எண்ணி, நூற்று அறுபத்து மூன்று என்றார்.

"ரெண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கு," என்றார் அதிகாரி. கொஞ்சம் யோசித்து 99 என்று எழுதினார்.

"மிச்ச அறுபத்துநாலு பேர்ல நான் இருந்தா?" என்றான் டமாட்டி.

"நீங்க அந்த வார்த்தை சொன்னப்பவே உங்களை எழுதிட்டேன்."

அடுத்த கட்டம்தான் முடிவு. 'பள்ளி தொடரலாம்', 'தொடர வேண்டாம்'. ஏதாவது ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து. அவர் அழுத்தினார், பேனா எழுதவில்லை. மறுபடி அழுத்தினார். மை உறைந்துவிட்டது. கில்ஃபெடர் உள்பையில் கைவிட்டு, ஆட்டுக்கு அடையாளம் போடுகிற மெழுகுக் கட்டிகள் இரண்டை எடுத்து நீட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"எதுல எழுதறது?"

"நீங்க எழுதப்போறதைப் பொறுத்தும்மா. சிவப்புக் குறின்னா லாரில ஏத்திருவோம். நீலம்னா அடுத்த வருஷமும் மந்தையில இருக்கும்."

பிள்ளைகள் பக்கம் யாரோ யார் கல்லையோ தின்றுவிட்டதாகத் தகராறு நடந்துகொண்டிருந்தது. நைரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது.

"அவசரமில்ல மேடம், நல்லா யோசிச்சு எடுங்க," என்றாள். "எதை எடுத்தாலும் நாளைக்கு ஒம்பது மணிக்கு நாங்க திறப்போம். கதவை மாட்டறதுக்குக் கொஞ்சம் நேரமானா ஒம்பதே கால்."

திருமதி பிரிஸ்கோ அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தடித்த கையுறை விரல்களால் நீலக் கட்டியை எடுத்தார். குறி கட்டத்துக்குள் அடங்கவில்லை. கையெழுத்து பக்கத்தின் பாதியை எடுத்துக்கொண்டது. கையுறையெல்லாம் நீலம். துடைத்துப் பார்த்தார்; போகவில்லை. கம்பளியிலேயே ஒரு வருஷம் நிற்கிற சாயம் அது.